வலது பக்கப் பேனல்

வண்டியைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவக் கூடாது, சார். ஸ்டிக்கரைத் தின்றுவிடும். ஒரு மூடி ஷாம்பூவும் பழைய பனியன் துணியும் போதும். வண்ணார்பேட்டையில் என் வீட்டுக்குப் பின்னால் இருபது வருடமாக அப்படித்தான் கழுவுகிறேன்.

என்னுடையது இரண்டாயிரத்து மூன்று மாடல், நூற்றைம்பது சி.சி. ஸ்போர்ட்ஸ் வண்டி. கம்பெனி அதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. போல்ட்டு நட்டு வரை எல்லாம் கம்பெனிச் சாமான். சீட்டுக்குக் கீழே ஸ்டிக்கர் ஒட்டிய வலது பக்கப் பேனல் மட்டும் டூப்ளிகேட். போன வருடம் ஒரு லாரி உரசியதில் பழையது உடைந்தது. சென்னை, கோவை என்று எங்கே கேட்டும் கிடைக்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். யாராவது வந்தால் இடது பக்கம் தெரியும்படி நிறுத்திவைப்பேன்.

இந்த ஊரில் அதே மாடல் இன்னொன்று மணிராஜிடம் இருந்தது. அவனுக்கு அதன் அருமை தெரியாது. தடித்த டயர், காதைப் பிளக்கும் சைலன்சர், சிவப்பு ரிம். ஆனாலும் பேனல் இரண்டும் புத்தம் புதிதாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம்தான் கொண்டுவருவான். சும்மாவே பார்த்துக் கொடுப்பேன். பேனலைத் தரச் சொல்லி மூன்று முறை கேட்டேன்.

"எங்கப்பா வாங்குன வண்டி, அண்ணாச்சி. ஒண்ணைக் குடுத்தா மூளியால்லா நிக்கும்?" என்றான். பிறகு சிரித்தான். "அடுத்த மாசம் முழுசுக்கும் கருப்பு அடிக்கப் போறேன். வந்து பாருங்க."

அந்த ஸ்டிக்கரின் மேல் கருப்பு. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வண்டி விழுந்தால் ஒரு பக்கம்தான் தேயும். வலது பக்கம் எனக்கு வேண்டும் என்றால் அது இடது பக்கம் விழ வேண்டும். சைடு ஸ்டாண்டு இருப்பது இடது பக்கம். அதைத் தூக்கிப் பிடிப்பது ஒரு சிறிய ஸ்பிரிங். மறு ஞாயிறு ஆயில் மாற்ற வந்தபோது அதைக் கழற்றிவிட்டு, தளர்ந்துபோன ஒன்றை மாட்டினேன். மறுநாள் அவன் சேரன்மகாதேவிக்குப் போவது எனக்குத் தெரியும். வழியில் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டியதும் இடது திருப்பம், குண்டும் குழியுமான ரோடு. குலுங்கலில் ஸ்டாண்டு இறங்கும். சாய்ந்து திரும்பும்போது தரையில் குத்தும்.

அவன் மனைவி இசக்கிச்செல்வியும் கூடப் போவாள் என்று தெரியும். அவள் அம்மா வீடு அங்கேதான். சேலை கட்டியவள் ஒருபக்கமாகத்தான் உட்காருவாள், கால் இரண்டும் இடது பக்கம். அதையும் யோசித்தேன். எனக்கு உடைந்தது இடது பேனலாக இருந்திருந்தால் அவள் கால் தப்பியிருக்கும். அவள் நேரம், சார்.

மணிராஜ் அங்கேயே இறந்துபோனான். அவளை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. "அந்த வண்டி என் கண்ணுல படப்பிடாது, அண்ணாச்சி. நீங்களே எடுத்துக்கிடுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பேனலில் ஒரு கீறல்கூட இல்லை.

கழற்றிய ஸ்பிரிங்கை ஆற்றில் எறிந்திருந்தால் நீங்கள் என்னைப் பிடித்திருக்க முடியாது. கம்பெனி ஸ்பிரிங், அதை எப்படி எறிவது? கவரில் போட்டு, 'மணிராஜ் வண்டி' என்று தேதியோடு எழுதி டப்பாவில் வைத்தேன். அதைத்தான் நீங்கள் எடுத்து நீட்டினீர்கள்.

நான்தான் செய்தேன். எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். என் வண்டியை ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியிருக்கிறீர்கள். மத்தியானத்துக்கு மேல் வலது பக்கம் வெயில் அடிக்கும், ஸ்டிக்கர் வெளுத்துவிடும். வேப்பமரத்தடிக்குத் தள்ளச் சொல்லுங்கள், சார். அது என்ன பாவம் செய்தது?