மூன்று படி, ஒரு பலகை

— இன்னும் ஒரு புஸ்தகம் வைப்பா. மேல, மேல!

— போதும் தாயே, நாலு வெச்சாச்சு. இப்போ பலகை மேலேருந்து பொம்மைக் காரை விடு.

— ஸொய்ங்ங்... அய்யய்யோ, கட்டிலுக்கடியில போயிடுச்சு!

— பாத்தியா, தூக்கி வெச்சா எப்படித் தெறிச்சு ஓடுதுன்னு? ஒண்ணை எடுத்துடறேன். இப்போ விடு.

— மெதுவாப் போகுது. நல்லாவே இல்ல.

— நமக்கு மெதுவாத்தான் வேணும். கார் மேல பொம்மைய உக்கார வை. பொம்மைதான் அம்மா. கார்தான் அம்மாவோட வீல்சேர்.

— அம்மாவுக்கு முடி இன்னும் நெறைய இருக்கும்.

— இருக்கட்டும். இந்த மூணு புஸ்தகமும் நம்ம வாசப்படி மூணு. இப்போ கீழேருந்து மேல தள்ளு பாப்போம். ஒத்த விரல்தான், ஏமாத்தக் கூடாது.

— ம்ம்ம்... வரலப்பா. பின்னாடியே வருது.

— காய் நறுக்குற பலகை குட்டைல்ல, அதான். லாரில டிரம் ஏத்தறப்போ குட்டைப் பலகை போட்டா நாலு ஆளு சேந்து முக்கணும். நீளப் பலகை போட்டா நான் ஒருத்தனே பாட்டுப் பாடிக்கிட்டு உருட்டிட்டுப் போயிடுவேன். அந்த அலமாரித் தட்டை இழுத்துட்டு வா.

— போகுதுப்பா! ஒத்த விரல்! அம்மா மேல வந்துட்டா!

— வந்துட்டா.

— அப்ப இதையே வாசல்ல போடு. சாயந்திரம் மாமா வந்தா காட்டலாம். அம்மாவ அவர் வீட்டுலேருந்து இங்கயே கொண்டாந்து விட்டுடுவாரு.

— போட எடமில்ல கண்ணு. காலைல நீ தூங்கறப்பவே அளந்துட்டேன். அவ்வளவு நீளம் போட்டா எதிர்வீட்டுச் சுவத்துக்குள்ள போகணும். சந்தே அஞ்சடிதான்.

— வேற வீட்டுக்குப் போலாம்.

— பாக்காம இருப்பேனா? எங்க போனாலும் எனக்கு முன்னாடி படி வந்து நிக்குது.

— அப்ப நீ தூக்கிக்கோ. நீதான் மூட்டையெல்லாம் தூக்குவியே.

— தூக்குவேன். நாளைக்குப் பத்துத் தடவ தூக்குவேன். உன் மாமா விடணுமே! தங்கச்சிய என் கையில குடுக்க பயமாம் அவருக்கு. உன்னையும் இங்க விட மாட்டாராம். சாயந்திரம் வர்றதே உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான்.

— ஏன் பயம்?

— படியக் கழுவி ஈரமா விட்டு உங்கம்மாவ விழ வெச்சது நான்தானாம்.

— நீ கழுவினியா?

— இல்லவே இல்ல! அன்னைக்கு வாளியக் கையால தொடல. தலைதலையா அடிச்சிக்கிட்டேன், ஒருத்தரும் நம்பல. எப்படி நம்புவாங்க? உங்கம்மாவே ஆஸ்பத்திரில எல்லார் முன்னாடியும், "படி ஈரம், அவர்தான் கழுவி விட்டாரு"ன்னு சொல்லிட்டாளே. பொய் பேசறவ இல்ல அவ. எதுக்குச் சொன்னா? அத நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது.

— கார் போதும்பா. எனக்கு வெளையாட வேணாம்.

— என்ன, மூஞ்சி வாடிப் போச்சு? சரி, என் புலம்பல் கெடக்கு. உன் கோலி டப்பாவ எடு, உருட்டுவோம்.

— கோலி வேணாம்.

— கோலின்னா உசுர விடுவியே!

— வேணாம்னா வேணாம்!

— ஏய், ஏன் அழற? இங்க வா. மடியில உக்காரு. என்ன கண்ணு?

— அம்மா சொல்லக் கூடாதுன்னா.

— எத?

— அன்னைக்கு... நான் வாசப்படியில பலகை வெச்சு கோலி விட்டேன். எல்லாம் தெருவுக்குப் போயிடுச்சு. ஒண்ணு மட்டும் படியிலயே நின்னுடுச்சு. அம்மா துணி மூட்டையோட வந்தா. அவளுக்குத் தெரியல. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்பா.

— இதத்தான் அம்மா சொல்லக் கூடாதுன்னாளா?

— யார் கேட்டாலும் ஈரம்னு சொல்லுன்னா. அப்பாகிட்டகூட கோலியப் பத்திப் பேசாதன்னா. நானாப்பா அம்மாவ விழ வெச்சேன்?

— மூக்கத் தொடச்சுக்கோ. எங்க, இப்படிக் காட்டு.

— அப்பா, ஹாரன். மாமா வண்டி. நான் போய் மாமாகிட்ட சொல்லிடறேன். சொன்னா உன்னை நம்புவாருல்ல? என்னை இங்கயே விட்டுடுவாருல்ல?

— கோலியாவது ஒண்ணாவது. படி ஈரமாத்தான்டி இருந்துச்சு. நான்தான் கழுவி விட்டேன்.