சாணி பூசிய வாசல்கள்

காலஞ்சென்ற தியாகராசாவின் மனைவி மீனாம்பிகை ஆகிய எனக்கு வயது முப்பத்தொன்பது. வசிப்பது அச்சுவேலி. தொழில் தேனீ வளர்ப்பு. 1984 ஆனி பதினோராம் திகதி பொலிஸ் நிலையத்துக்கு நானாகவே வந்து சொல்வதாவது:

இறந்துபோன ஆழ்வாப்பிள்ளை என் கணவரின் தம்பி, கரவெட்டியில் இருந்தவர். அங்கே தேனீப் புழுக்கள் அழுகும் நோய் பரவியிருந்தது. நோயுள்ள ஊரிலிருந்து பாவித்த பெட்டிகளை விவசாய அதிகாரியின் அனுமதியில்லாமல் கொண்டுபோகக் கூடாது, வெறும் பெட்டியானால் உட்புறத்தை நெருப்பில் வாட்ட வேண்டும், தேனீ உள்ளதானால் பெட்டியின் வாசலைக் கம்பிவலையால் மூட வேண்டும் என்பது சட்டம். அதை எழுதியவர்கள் புத்தி கெட்ட விசரர் இல்லை. முன்பு இதே நோயில் என் ஈக்கள் முழுவதும் அழிந்தன. மீண்டும் பிடித்து வளர்த்தவை பதினான்கு பெட்டிகள். எனக்கு வேறு பிழைப்பில்லை.

நேற்றுக் காலை அவர் மாட்டுவண்டியில் பழைய பெட்டிகளை ஏற்றிவந்து என் வீட்டு வளவில் வைக்கப்போவதாகச் சொன்னார். அனுமதி கேட்டேன், இல்லை என்றார். "மரப்பெட்டிக்கு நோய் வருத்தம் வருமே மச்சாள்? விசர்க்கதை கதையாதேங்கோ" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. வண்டி உள்ளே வராதபடி வாசற் படலையை மறித்து நின்றேன். அதன் பின்னர் அவர் மாடு ஓட்டும் துவரங்கம்பால் என் முகத்தில் அடித்தார். கண்ணுக்குக் கீழே தோல் பிரிந்தது. வேலிக்குக் குழி தோண்டிய இரும்பு அலவாங்கு பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்து அவருடைய முழங்காலில் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது, அவர் விழுந்தார். அதன் பின்னர் எரிப்பதற்காகப் பெட்டிகளை வண்டியிலிருந்து நிலத்தில் இழுத்து விழுத்தி அலவாங்கால் உடைத்தேன். வாசல்கள் சாணியால் பூசி அடைக்கப்பட்டிருந்தன. ஒன்றிலும் வலை இல்லாதபடியால் எல்லாம் வெறும் பெட்டி என்றே நம்பினேன். சில பெட்டிகளில் ஈ இருந்தது. அவை கிளம்பி விழுந்துகிடந்தவரின் முகத்தை மூடிக் கொட்டின, வாய்க்குள்ளும் போயின.

அவர் தவழ்ந்து வந்து என் சேலையைப் பிடித்தார். "மச்சாள், என்னை இழுத்துக்கொண்டு போங்கோ" என்றார். நான் உதறிவிட்டு ஓடினேன். உயிருக்குப் பயந்து ஓடியதாக எழுதலாம் என்று இதை எழுதும் பொலிஸ் உத்தியோகத்தர் சொன்னார். அப்படி எழுத வேண்டாம். நோய்ப்பட்ட ஈ உள்ளே போகாதிருக்க, என் பெட்டிகள் எல்லாவற்றின் வாசலையும் சட்டப்படி கம்பிவலையால் அடைத்தேன். ஒன்றையும் விடவில்லை. அவர் என்னைக் கூப்பிட்டது கடைசிப் பெட்டிவரை கேட்டது. அதன் பின்னர் தென்னோலைச் சூள் கொளுத்திப் புகையோடு திரும்பினேன். அப்போது அவர் கூப்பிடவில்லை.

இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நடந்தது நடந்தபடி இருக்கிறது, மாற்ற எதுவுமில்லை.

ஒப்பம்: தி. மீனாம்பிகை