நாடி இறங்கும் மட்டும்

றொஜர்: கழுத்திலை ஊத்தும். முதுகிலை இல்லை… கழுத்திலை.

றெபேக்கா: ஊத்திக்கொண்டுதானே நிக்கிறன்.

றொஜர்: முதலாளியம்மா சிஞ்ஞோறா வீட்டுப் பல்கோனி கழுவிற மாதிரி ஊத்துறீர். இது குதிரை. விடியத் தொடங்கி சியாகுல்லிப் பக்கத் தோட்டமெல்லாம் சுத்தி, மலையும் ஏறி இறங்கி வந்து நிக்கிறாள்.

றெபேக்கா: பல்கோனியெண்டா உம்மட்டைக் கேக்காமலே கழுவுவன். கிறிகோரி அண்ணைக்குக் காய்ச்சல், ஆளில்லையெண்டு நீர் கெஞ்சினபடியால்தான் ஞாயிற்றுக்கிழமைப் பூசையையும் விட்டிட்டு வந்தனான்.

றொஜர்: ஐயோ, பின்னுக்கு ஊத்தாதையும். தொடையிலை குளிர்தண்ணி பட்டா தசை இறுகிப்போடும். பேந்து ஓட்டிக் காட்டேக்கை நொண்டினாளெண்டா, மிருக டொக்டர் பாத்திட்டுத் தள்ளிப்போடுவா.

றெபேக்கா: ஏறி ஓட்டின மார்த்தீனா முதலாவதா வந்திட்டாள்தானே? குதிச்சு இறங்கி, தாயைக் கட்டிப்பிடிச்சு, இப்ப கோப்பி குடிக்கப் போட்டாள். பிறகேன் நீர் மட்டும் அந்தரப்படுறீர்?

றொஜர்: இந்த நெடுந்தூர ஓட்டத்திலை கோட்டைத் தாண்டினா முடிஞ்சதெண்டில்லை. இருபது நிமிசத்துக்குள்ளை இவள் புரூனான்ரை நாடி அறுபத்துநாலுக்கு இறங்கவேணும். இறங்காட்டி ஓடினது முழுக்க ஆத்திலை கரைச்ச புளிதான்.

றெபேக்கா: வெண்டவளையும் நெஞ்சுக்குள்ளை பாத்துத்தான் சேர்ப்பினமோ.

றொஜர்: அப்பிடித்தான். ஓடி விழுந்து சாகக் கூடாதெண்டுதான் இந்தச் சட்டம். நாடி மிஷின் என்ன காட்டுது?

றெபேக்கா: எழுபத்திரண்டு.

றொஜர்: தகட்டை எடுத்துத் தண்ணியை வழியும். மேலை நிண்டா தண்ணியும் சூடாகிப்போடும். வழிச்சிட்டுத் திரும்ப ஊத்தவேணும்.

றெபேக்கா: அந்த மரத்துக்குக் கீழை, தொப்பியோடை… அவர்தானே பிரெஞ்சுக்காரர்?

றொஜர்: ஓம். அங்கை பாக்காதையும்.

றெபேக்கா: இவள் பாஸாகினா வாங்கிறாராம். சிஞ்ஞோறா சொன்னவா.

றொஜர்: வாங்காட்டிப் பிறகு ஆர் வாங்கப்போகினம். சிஞ்ஞோறா லாயத்தை மூடுறதெண்டு முடிவெடுத்திட்டா. இண்டைக்கு இவள் தவறினா, இனி எவன்ரை கையிலை போவாளோ தெரியாது.

றெபேக்கா: அங்கை இவளைப் பாக்கிறதுக்கு உம்மையும் சேத்துக் கேட்டவராமே.

றொஜர்: ஆர் சொன்னது?

றெபேக்கா: கோயிலடியிலை எல்லாருக்கும் தெரியும். எமிலியானா அன்ரி சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப்போறா. தனி அறையாம், நல்ல சம்பளமாம், விசா எல்லாம் அவையே பாப்பினமாம். றொஜருக்கு அடிச்சது யோகமெண்டு…

றொஜர்: எமிலியானா அன்ரிக்கு வேறை வேலையில்லை. நீர் என்ன சொன்னனீர்?

றெபேக்கா: நான் என்ன சொல்லுறது. நல்லதெண்டு சொன்னனான்.

றொஜர்: நல்லதெண்டோ.

றெபேக்கா: பின்னை? எத்தினை வருசமா இந்த ஊரிலை லாயம் கூட்டிக்கொண்டு நிக்கிறீர். ஒரு நல்ல காலம் வரேக்கை நல்லதெண்டுதானே சொல்லவேணும்.

றொஜர்: ஓம்… வேறை என்ன சொல்லுறது. உமக்கு வந்த பேச்சு என்னவாச்சு? அந்த ஜெர்மனி மாப்பிளை?

றெபேக்கா: அம்மா கதைச்சுக்கொண்டிருக்கிறா.

றொஜர்: நீர்?

றெபேக்கா: மிஷினைப் பாரும். எழுபதாப்போச்சு.

றொஜர்: எங்கை… எழுபது. நல்ல பிள்ளை. நல்ல பிள்ளை, புரூனா. இன்னும் கொஞ்சம்.

றெபேக்கா: இவளோடை கதைக்கிற மாதிரி மனிசரோடையும் கதைச்சா என்ன.

றொஜர்: என்ன கதைக்கிறது.

றெபேக்கா: ஒண்டுமில்லை. ஊத்தும்.

றொஜர்: என்ரை மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டாலே கனைப்பாள். மழைக்காலத்திலை இவளுக்கு வயித்துக்குத்து வந்து, நான் இரண்டு நாள் வைக்கலுக்கை படுத்துக்கிடந்தனான். உமக்கு ஞாபகமிருக்கும்.

றெபேக்கா: இருக்கும். பிறான்காச்சோவிலை இருந்து இரண்டு பஸ் மாறிச் சோறு கொண்டந்தது ஆரெண்டு நினைச்சீர்?

றொஜர்: மறக்கேல்லை. நெத்தலித் தீயல். அந்த ருசி இன்னும் வாயிலை நிக்குது.

றெபேக்கா: றொஜர்… ஏறுது.

றொஜர்: என்ன?

றெபேக்கா: எழுபத்திமூண்டு. இப்ப நாலு.

றொஜர்: ஏன் ஏறுது? ஆர் பக்கத்திலை வந்தது? ஒருத்தரும் இல்லையே. தண்ணி… அந்த வாளியைத் தாரும், கெதியா. நேரம் போகுது.

றெபேக்கா: தண்ணியிலை பிழையில்லை. உம்மடை கையைப் பாரும்.

றொஜர்: என்ரை கைக்கு என்ன.

றெபேக்கா: நடுங்குது. அந்தக் கயித்திலை இருந்து நேரை அவளுக்குப் போகுது. கயித்தை என்னட்டைத் தாரும்.

றொஜர்: நான் பிடிக்காட்டி இவள் நிக்கமாட்டாள்.

றெபேக்கா: தாரும் எண்டுறன். நீர் பின்னுக்குப் போய் அந்தக் கல்லிலை இரும். வாயைத் திறக்காதையும்.

றொஜர்: றெபேக்கா…

றெபேக்கா: இரும். வாடி அம்மா, வா… ஓம், ஓம். ஒண்டுமில்லை. அருள் நிறைந்த மரியே வாழ்க, ஆண்டவர் உம்முடனே…

றொஜர்: குதிரைக்குச் செபமாலையோ.

றெபேக்கா: எனக்குத்தான். இவள் கேட்டுக்கொண்டு நிக்கிறாள், அவ்வளவுதான். பேசாமல் இரும் எண்டனான் எல்லே… பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே…

றொஜர்: தலையைத் தொங்கவிடுறாள்.

றெபேக்கா: ம்.

றொஜர்: காதும் தளந்திட்டுது. எவ்வளவு?

றெபேக்கா: அறுபத்தெட்டு… ஏழு.

றொஜர்: மடு மாதாவே.

றெபேக்கா: அறுபத்துமூண்டு. இன்னும் இறங்குது.

றொஜர்: கொஞ்சம் பொறும். அறுபது ஆகட்டும். டொக்டர் குழாயை வைக்கேக்கை ஒரு துள்ளுத் துள்ளுவாள், அதுக்கும் இடம் விடவேணும். உம்மாலை எப்பிடி இவ்வளவு அமைதியா நிக்க ஏலுது?

றெபேக்கா: எனக்கு இனிப் பதறுறதுக்கு ஒண்டுமில்லை.

றொஜர்: என்ன சொல்லுறீர்?

றெபேக்கா: ஒண்டுமில்லை. அறுபது. இந்தாரும் கயிறு. கொண்டுபோம், டொக்டர் கை காட்டுறா.

*

றெபேக்கா: என்னவாம்? சொல்லுமன்.

றொஜர்: பாஸ். நாடி, தோல், வயித்துச் சத்தம் எல்லாம் சரியாம். ஓட்டிக் காட்டேக்கை இவள் மிதிச்ச மிதியைப் பாத்தீரே? டொக்டரே சிரிச்சிட்டா. பிரெஞ்சுக்காரர் சிஞ்ஞோறாவுக்குக் கை குடுத்திட்டார்.

றெபேக்கா: அப்ப சரி… நல்லது. வாகனம் எப்ப வருமாம்?

றொஜர்: வாற கிழமை. துறைமுகத்திலை இருந்து கப்பலிலை.

றெபேக்கா: அங்கை குளிராயிருக்கும். பல்லரோச் சந்தையிலை தடிச்ச ஜக்கெற் ஒண்டு எடுத்து வைச்சிருக்கிறன். உம்மடை அளவுதான்.

றொஜர்: றெபேக்கா, ஒரு நாளாவது என்னைப் போகாதையும் எண்டு நீர் கேக்கேல்லை. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசல்லை நிண்டு பாத்தனான். இண்டைக்குக் கேப்பீர், இண்டைக்குக் கேப்பீர் எண்டு.

றெபேக்கா: வெளிக்கிடுற ஆளைப் பின்னாலை நிண்டு கூப்பிடக் கூடாது. மன்னாரிலை வளந்த உமக்கு அதுகூடத் தெரியாதோ. கூப்பிட்டாப் போற காரியம் சரிவராது. என்னாலை உம்மடை பயணம் பிழைச்சுதெண்டா என்னாலை தாங்க ஏலாது.

றொஜர்: கூப்பிட்டிருக்கலாம்.

றெபேக்கா: கூப்பிட்டிருந்தா நிண்டிருப்பீரோ?

றொஜர்: கூப்பிடாமலே நிண்டிட்டன்.

றெபேக்கா: என்ன?

றொஜர்: இவள் தனியத்தான் போறாள். நான் வரேல்லையெண்டு போன மாசமே பிரெஞ்சுக்காரருக்குச் சொல்லிப்போட்டன். சியாகுல்லியிலை மந்தரீன் தோடம்பழத் தோட்டத்திலை வேலைக்குக் கேட்டு வைச்சிருக்கிறன். சம்பளம் குறைவுதான். ஆனா ஞாயிற்றுக்கிழமை லீவு.

றெபேக்கா: ஏன் எனக்குச் சொல்லேல்லை? ஒரு மாசம்… ஒரு மாசமா வாயைத் திறக்கேல்லையே.

றொஜர்: முதலே சொன்னா, எனக்காக நிக்காதையும் எண்டு நீர் கலைச்சு விட்டிருப்பீர். உம்மைத் தெரியாதோ எனக்கு. இவளின்ரை காரியம் முடியட்டுமெண்டு இருந்தன். இவளை அனுப்பிறது நெஞ்சைப் பிடுங்குது, றெபேக்கா, பொய் சொல்லேல்லை. ஆனா உம்மை விட்டிட்டுப் போக என்னாலை ஏலாது. அவ்வளவுதான்.

றெபேக்கா: நீர் போறீரெண்டு நினைச்சு, போன மாசமே அம்மாவுக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன். இண்டைக்குக் காலமைப் பூசையிலை, மன்னாரிலை, கலியாண அறிவித்தலெண்டு என்ரை பேரையும் ஜெர்மனிக்காரரின்ரை பேரையும் வாசிச்சாச்சு.