எழுத்து நீக்கிய அட்டை

கடலுக்குப் பக்கத்தில் வீடு எடுக்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது வாடகையை அல்ல, ஜன்னல் கம்பிகளுக்கு யார் பெயின்ட் அடிப்பது என்பதை. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு ஒழுங்கை மட்டும்தான். உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. கத்தரிக்கோல், கதவுப் பிணைச்சல், ஸ்கேனரின் ஆணி எல்லாம் துருப்பிடித்துவிடும். நான் பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் போடுவேன். என் மனைவி மேனுகாவின் தூரிகைகளைக் கழுவித் துடைத்து வைப்பதும் நான்தான். பொருட்களையும் ஆட்களையும் கவனமாகப் பார்த்துக்கொள்கிற மனுஷன் நான். அதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள், ஐயா.

என் பெயர் தனஞ்சயன். கொட்டாஞ்சேனையில் மஜீட் நானாவின் அச்சகத்தில் அட்டை வடிவமைப்பாளன். புத்தக அட்டை மட்டும் என்று நினைக்க வேண்டாம். கல்யாணக் கார்ட், திருவிழா நோட்டீஸ், செத்தவீட்டு நினைவுமலர் எல்லாம் என் கையால்தான் போகும். எங்கள் சனத்துக்கு நிறம் என்றால் குங்குமச் சிவப்பும் மஞ்சளும்தான். வேறெதைப் போட்டாலும் “கொஞ்சம் எடுப்பாப் போடுங்கோவன்” என்பார்கள். காலஞ்சென்றவரின் முகத்தைக்கூடக் கொஞ்சம் வெள்ளையாக்கித் தரச் சொல்லிக் கேட்பார்கள். நானும் செய்துகொடுப்பேன். பார்க்கிறவர் கண்ணுக்கு எது எப்படித் தெரிய வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் என் தொழில்.

மேனுகா படம் கீறுகிறவள். அவள் மட்டையில் தீட்டித் தருவாள். நான் ஸ்கேன் பண்ணி, தலைப்பு எழுத்தை அமைத்து, அச்சுக்கு அனுப்புவேன். புத்தகத்தின் உள்ளே இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் வரும். அட்டை ஓவியம் மேனுகா, அட்டை வடிவமைப்பு தனஞ்சயன். வெளியீட்டு விழாக்களில் எங்களை அட்டைச் சோடி என்று பகிடி பண்ணுவார்கள். எனக்கு அது பிடிக்கும்.

நானும் படம் கீறுவேன் என்பது பலருக்குத் தெரியாது. ஷெல்டன் என்று கொட்டாஞ்சேனைக்காரர் ஒருவர், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், சிறுகதைத் தொகுப்பு ஒன்று கொண்டுவந்தார். அதற்கு மேனுகா ஒரு படம் கீறினாள், நானும் ஒன்று கீறினேன். யார் எதைக் கீறியது என்று சொல்லாமல் இரண்டையும் அச்சக மேசையில் வைத்தேன். மேனுகாவின் படத்தில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு கொடியில் சேலை காயப்போடுகிறாள். சேலை பாசி பிடித்த படிக்கட்டின் பச்சை. அந்தச் சேலைக்குப் பின்னால் ஒரு கப்பலின் நிழல். அவ்வளவுதான் படம்.

மஜீட் நானா தலையைச் சரித்துப் பார்த்தார். “இதப் பாத்தா புத்தகத்தக் கையில எடுக்கோணும் போல ஈக்கி” என்றார். ஷெல்டன் என்னுடையதைக் கையில் எடுக்கவே இல்லை. மரியாதைக்கு மட்டும், “மற்றது ஆர் கீறினது?” என்று கேட்டார். நான் வாய் திறக்கமுன் மேனுகா, “அது சும்மா ஒரு மாதிரிக்கு வச்சது” என்றாள். என் மானத்தைக் காப்பாற்றினாளாம். அடி வாங்கியவனுக்கு அடித்தவளே மருந்து போடுவதுபோல இருந்தது. எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தை நான் காட்டவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் அவளுக்குப் பிடித்த கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்தேன்.

அந்தப் புத்தகம் மூன்று வருஷத்தில் ஸ்பானிய மொழிக்குப் போகும் என்று யார் கண்டது. மெக்சிகோ நகரத்தில் ஒரு பதிப்பகம் அதை எடுத்தது, அட்டையோடு சேர்த்தே எடுத்தது. அந்தப் பதிப்பகத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. தாங்கள் போட்ட புத்தகங்களின் அட்டை ஓவியங்களை, தொடங்கிய நாளிலிருந்து, அசலாகவே இழுப்பறைகளில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இப்போது எல்லாவற்றையும் இணையத்திலும் போட்டிருக்கிறார்கள்.

மேனுகா அந்தக் காப்பகத்துக்குள் போனவள் திரும்பி வரவில்லை. பின்னேரமானால் கணினிக்கு முன்னால்தான் இருப்பாள். ஒரு அட்டையில் வெறும் கதிரை. இன்னொன்றில் பாதி வெட்டிய பப்பாளியும் ஒரு கறுப்புக் கையுறையும். பெரிதாக்கிப் பெரிதாக்கி, தூரிகை எங்கே தொடங்கி எங்கே நின்றது என்று பார்ப்பாள். செத்துப்போன மெக்சிகோக்காரர்களின் பெயர்களை அடுத்த ஒழுங்கைக்காரர்போலச் சொல்லுவாள். “இஞ்ச பாருங்கோ, இந்த மனுஷன் வெள்ளையை விட்டிருக்கிற விதத்தை” என்று என்னைக் கூப்பிடுவாள். சோறு அடிப்பிடித்தது அவளுக்கு மணக்காது. உயிரோடு பக்கத்தில் நிற்கிற மனுஷனுக்கு வராத அந்தக் குரல் செத்தவர்களுக்கு வந்தது. எனக்கு எரிந்தது, ஐயா. அதை மறைக்கவில்லை.

பிறகு அவளுடைய அசல் ஓவியத்தைக் காப்பகத்துக்குக் கேட்டார்கள். அனுப்பினோம், பொதி கட்டியது நான்தான். அதோடு நிற்கவில்லை. மூன்று மாதம் வந்து தங்கி, காப்பகத்தைப் பார்த்து, தங்கள் புத்தகங்களுக்குப் புதிய அட்டைகள் தீட்டித் தரும்படி அழைத்தார்கள். செலவு முழுக்க அவர்களுடையது. அழைப்பு ஒருவருக்கு.

அவளுடைய ஓவியம் தளத்தில் எப்படி வரும் என்று ஒரு மாதிரியும் காட்டினார்கள். எழுத்து ஒன்றும் இல்லை. நான் இரவு பகலாக வளைத்து அமைத்த தலைப்பு இல்லை. படம் மட்டும், கீழே ஒரு பெயர் மட்டும். என் பெயர் விடுபட்டுவிட்டது என்று நானே எழுதிக் கேட்டேன். ஒரு அம்மா மிகவும் பண்பாகப் பதில் போட்டார், தங்கள் காப்பகம் ஓவியங்களுக்கானது என்று. மேனுகா என் தோளில் கை வைத்தாள். “அதுக்கென்னப்பா, உங்கட எழுத்து புத்தகத்தில இருக்குத்தானே.”

“ஓம், அதுதானே” என்றேன்.

முதலில் நான் தொட்டது மொனிட்டரை. வீட்டு மொனிட்டரின் நிறத்தை அளந்து சரிபண்ணுவது எப்போதும் என் வேலை. அதைச் சரிபண்ணாமல் நிறத்தைக் கொஞ்சம் பிசக வைத்தேன். அவள் திரையைப் பார்த்துப் பச்சையைத் திருத்துவாள், திரையில் சரியாக இருக்கும், அச்சில் பிழையாக வரும். மணப்பெண்ணின் முகம் மஞ்சள்காமாலை வந்ததுபோல வந்த கார்ட் ஒன்று திரும்பி வந்தது. மேனுகா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஸ்கிரீனில சரியாத்தானே இருந்தது?”

“எனக்கு ஸ்கிரீனிலயும் பிழையாத்தான் தெரிஞ்சது. நீர் சரி எண்டு சொன்னபடியா விட்டனான்.”

இந்த ஒரு வசனத்தைத்தான் நான் பிறகும் பல தடவை சொன்னேன். உமக்குக் கண் பிழை என்று ஒருபோதும் சொல்லவில்லை. அவள் படம் தீட்டும் அறையின் பல்பை மாற்றினேன். அதே மாதிரி பல்புதான், வெளிச்சம் கொஞ்சம் மஞ்சள். அந்த வெளிச்சத்தில் கலந்த நிறம் காலையில் வேறாகத் தெரியும். அவள் கலந்ததை வழித்து எறிந்துவிட்டுத் திரும்பக் கலப்பாள். ஒரு நாள் மஜீட் நானா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தங்கச்சிட கண்ணுல ஏதும் பிரச்சின ஈக்கா?” என்று கேட்டார். நான் கீழே பார்த்தேன். அவர் அதை அவளிடம் கேட்டுவிட்டார். பாவம், நல்ல மனுஷன்.

மெக்சிகோவுக்குப் போக மாட்டேன் என்று அவளே சொல்லுவாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அதோடு எல்லாம் முடிந்திருக்கும். மொனிட்டரையும் பல்பையும் திரும்பச் சரிபண்ணியிருப்பேன். அவள் அழுதாள், போகப் பயமாக இருக்கிறது என்றாள், நானும் தலையைத் தடவிக்கொடுத்தேன். ஆனால் அவளுடைய தங்கை சுபோதினி கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. வத்தளையில் ஒரு மருந்தகத்தில் மருந்தாளராக இருக்கிறாள். “அக்கா, கண் எண்டால் டொக்டரிட்டப் போறதை விட்டிட்டு அழுதுகொண்டே இருக்கப்போறியளோ?” என்று ஒரு கண் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

மருத்துவர் எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றுவிட்டார். கணினியைப் பார்த்துக் கண் காய்ந்திருக்கிறதாம், அதற்குச் சொட்டு மருந்து மட்டும். அக்காவும் தங்கையுமாக அப்படியே புறக்கோட்டைக்குப் போய்ப் பெரிய சூட்கேஸ் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஊதா நிறம். மேனுகா அதை நடு ஹோலில் வைத்துச் சில்லை உருட்டிக் காட்டினாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த மருத்துவர் கொஞ்சம் யோசித்துப் பேசியிருக்கலாம் என்று இப்போதும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு.

சொட்டு மருந்தை அவளால் தானே விட முடியாது. கண்ணுக்குக் கிட்ட எது வந்தாலும் இமை மூடிவிடும். அதனால் நான்தான் விடுவேன். சாப்பாட்டுக்கு முன் என் மடியில் தலை வைத்துப் படுப்பாள். நான் இமையை மெதுவாக விரித்துப் பிடிப்பேன். எங்களுக்குள் அப்படியொரு நெருக்கம் கல்யாணம் கட்டின புதிதிலும் இருந்ததில்லை. மருந்துக்குள் நான் எதைக் கலந்தேன் என்று சுபோதினி உங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பாள். அச்சகத்தில் நாங்கள் அச்சுத் தகடு கழுவப் பாவிக்கிற திரவம்தான். மிகவும் கொஞ்சம்.

“எரியுதப்பா.”

“மருந்தெண்டால் எரியத்தானே செய்யும். அசையாமல் படும்.”

அவள் அசையாமல் படுத்தாள். என்னில் அவ்வளவு நம்பிக்கை.

கண் சிவந்தபோது மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனது நான்தான். அவர் எழுதிய புதிய மருந்தையும் நான்தான் வாங்கினேன், நான்தான் விட்டேன். ஒரு வேளையும் தவறவில்லை. பயணம் தள்ளிப்போனது. மெக்சிகோக்காரர்கள் ஆறுதலாக வாருங்கள், காத்திருக்கிறோம் என்று எழுதினார்கள். அவர்கள் காத்திருக்கிறோம் என்று எழுதாமல் வேறு ஆளைப் பார்த்திருந்தால் நானும் நிறுத்தியிருப்பேன். இடது கண் முதலில் போனது. வலது கண்ணில் இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிகிறது என்று சொல்கிறாள். மொனிட்டரைப் பழையபடி சரியாக்கிவிட்டேன், இனி அதைக் குழப்பி வைக்கத் தேவையில்லை.

அதற்குப் பிறகு வீடு அமைதியாக இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் கடற்கரைக்கு வருவாள். ரயில் போகிற சத்தம் கேட்டால் என் முழங்கையை இறுக்குவாள். தெரிந்தவர்கள் கண்டால், மேனுகா கொடுத்துவைத்தவள், இப்படி ஒரு மனுஷன் கிடைக்க வேண்டுமே என்பார்கள். அவள் ஓம் என்று தலையாட்டுவாள்.

போன ஞாயிறு மெக்சிகோவிலிருந்து செய்தி வந்தது, ஓவியத்தைத் தளத்தில் போட்டாயிற்று என்று. சுபோதினியும் வந்திருந்தாள், குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றாள். மேனுகா என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

“எப்பிடி வந்திருக்கு? ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ.”

நான் திறந்தேன். திரை நிறைய அவளுடைய படம். எழுத்தே இல்லாமல் அது இன்னும் நன்றாக இருந்தது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பச்சை நான் ஒருநாளும் அச்சில் கொண்டுவராத பச்சை. கீழே அவளுடைய பெயர். நான் சொல்லத் தொடங்கினேன்.

“பெரிய கப்பல் ஒண்டு, முன்பக்கம் எங்களைப் பாத்தபடி. பின்னால சூரியன் இறங்குது. கரையில ஒரு தொழிலாளி கயிறு பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். நல்லா வந்திருக்கு.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். அந்த இடத்தில் அது இருந்திருக்க வேண்டும், அதனால் சொன்னேன். அவளுக்கு எப்படியும் தெரியப்போவதில்லை. தான் கீறியதையே மறந்திருப்பாள் என்றுகூட ஒரு எண்ணம்.

மேனுகா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு, “தொழிலாளியின்ர இடது கை கொஞ்சம் பெரிசோ?” என்றாள்.

“ஓம்.”

“கப்பலுக்கு மேல மூண்டு கொக்கு, கடற்புறா எண்டு கீறினது?”

“ஓம், இருக்கு.”

“சூரியனுக்குக் கீழ தண்ணியில சிவப்பை அழிச்சுப்போட்டுத் திரும்பப் பூசின அடையாளம்?”

நான் ஓம் என்றேன். “அது நீங்கள் கீறின படமெல்லே” என்றாள். குரலில் கோபம் இல்லை. மருந்து விடுகிற நேரம் வந்தபோது, இன்றைக்குத் தங்கச்சி விடட்டும் என்று சொல்லிப் போத்தலைக் கேட்டாள். நான் கொடுத்தேன். போத்தல் வத்தளைக்குப் போனது, மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

எதையும் நான் மறுக்கவில்லை. மொனிட்டரின் நிறத்தைப் பிசக வைத்தது நான், பல்பை மாற்றியது நான், அவளுடைய கண்களை எடுத்தது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் அன்றைக்குத்தான் அக்கா உங்களை விளங்கிக்கொண்டாள் என்று சுபோதினி சொல்வதை மட்டும் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். என் படத்தை அவள் பார்த்தது ஒரே ஒரு தடவை, அச்சக மேசையில், அதுவும் கொஞ்ச நேரம். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கை, கொக்கு, அழித்த சிவப்பு வரைக்கும் அவளுக்கு மனப்பாடம். பிடிக்காத படத்தை யாரும் அப்படி நினைவில் வைத்திருக்க மாட்டார்கள், ஐயா.