ஆறு சட்டை, ஆறுலயும் ஏழு

தப்பு பூரா அந்தத் தையக்காரன் மேலதான் வாத்தியாரே! எம்மேல என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க. ஆறு பொண்ணுங்க, ஆறு சட்டை, ஆறு முதுகுலயும் ஏழு! கண்ணு தெரிஞ்சவன் தைக்கிற தையலா இது? நீங்க விசிலும் கையுமா வந்து வரிசையா நிக்கவெச்சு, "திரும்புங்க"ன்னு சொன்னீங்க பாருங்க... எனக்கு அப்படியே மண்ணுக்குள்ள போயிடலாம்னு இருந்துச்சு. மேல் படிக்கட்டுக் கூட்டம் சிரிச்ச சிரிப்புக்கு, குன்று மேல இருக்கற நாயெல்லாம் குலைக்க ஆரம்பிச்சிருச்சு.

உக்காருங்க, உக்காருங்க. ஏன் வாட்சைப் பாக்கறீங்க? கால் மணி நேரம்னு சொன்னீங்க, இன்னும் ரெண்டு நிமிஷம்கூட ஆகலை. அதுக்குள்ள ஆளுக்கொரு நம்பரோட வரலைன்னா வாலிபால் கோப்பை மேல் படிக்கட்டு டீமுக்கு. அதானே? சரி. சட்டம்னா சட்டம்தான். நான் ஏதாவது சொன்னேனா? புள்ளைங்க என் அடுப்படியிலதான் இருக்காளுங்க. மருந்துக்கடையில வெள்ளைப் பிளாஸ்திரி வாங்கியாந்து வெட்டி ஒட்டறாளுங்க. ஈரத் துணியில அது ஒட்டித் தொலையாதே, அதனால இஸ்திரி போட்டு ஒட்டணும். இருக்கறதோ ஒரே ஒரு இஸ்திரிப் பெட்டி.

இந்த லிமா தூறல் இருக்கே, ஒரு துணியைக் காய விடுதா? மழையும் இல்ல, வெயிலும் இல்ல, மேலருந்து யாரோ தும்மிக்கிட்டே இருக்கற மாதிரி! மூலிகைத் தண்ணி குடிங்க. ஆளிவிதை தூக்கலா போட்டிருக்கேன். எலுமிச்சை இன்னொரு மூடி பிழியட்டா? கத்திக் கத்தித் தொண்டை காஞ்சு போயிருக்கும் உங்களுக்கு. இந்த வண்டி போட்டு இருபத்தியாறு வருஷம். ஒரு நடுவர் என் கையால குடிச்சிட்டு இருமினதில்ல.

அங்க பச்சைக் குடைக்குக் கீழ நிக்கறாளே, அவதான் சொராய்தா. மேல் டீம் சட்டைக்கு ஞானத்தாய். கீழ் டீம் சட்டைக்கு நான். டீமுக்குச் சட்டை எடுத்துக் குடுக்கறவளைத்தான் இங்க ஞானத்தாய்ங்கறது, கூப்பிட்டா முடியாதுன்னு சொல்ல முடியுமா? "சட்டைக்கு நம்பர் பாருங்க வாத்தியாரே"ன்னு உங்க காதுல ஓதினது அவதான்னு எனக்குத் தெரியும். அவளும் நானும் ஒரே லாரியில இந்தக் குன்றுக்கு வந்தவங்க. கோரைப் பாயை நட்டு நட்டுச் சுவரா வெச்சுக் குடியேறினோம். அவ பாய்க்கும் என் பாய்க்கும் நடுவுல ஒரு முழம்கூட இல்ல. அவ வீட்டுக்காரன் குறட்டை விட்டா என் வீட்டு விளக்கு ஆடும்!

சியோல் ஒலிம்பிக்ஸ் வாலிபால்ல நம்ம பொண்ணுங்க வெள்ளி வாங்கினாங்களே, அப்ப நீங்க பொறந்திருப்பீங்களா? இல்லயா? போச்சு போங்க. குன்றுக்கே ஒரே டீவி, அதுவும் கார் பேட்டரியில ஓடுச்சு. தெரு மொத்தமும் சொராய்தா வீட்டுக்குள்ள. ஒரு பொண்ணுக்கு இடமில்லாம அரிசிப் பானை மேல உக்காந்திருந்தா. அஞ்சாவது செட்டு... பந்து மேல போகுது... பேட்டரி செத்துப்போச்சு! ஐயையோ! அவ வீட்டுக்காரன் ஓடிப்போய் பஸ்காரன் தூங்கறப்பவே அவன் பேட்டரியைக் கழட்டிட்டு வர்றான். அதுக்குள்ள நாங்களே ஜெயிச்சாச்சுன்னு முடிவு பண்ணி ஆடிக்கிட்டிருக்கோம். படம் வந்து பாத்தா நம்ம பொண்ணுங்க அழறாங்க. "சந்தோஷத்துல அழறாங்கடி"ன்னா சொராய்தா. மறுநாள் பேப்பர் வர்ற வரைக்கும் தோத்தது எங்களுக்குத் தெரியாது!

எதுக்குச் சொல்ல வந்தேன்... ஆங், அதுக்கடுத்த வாரம்தான் இந்தத் தெருவுல மொதல் வலை கட்டினோம். இந்தக் கம்பத்துலருந்து என் ஜன்னல் கம்பிக்கு. மீன் வலை! நான் பந்தைத் தூக்கிக் குடுப்பேன், சொராய்தா அடிப்பா. என் சட்டையில நம்பர் ஏழு. நான் ஏழு போட்டு ஆடின வரைக்கும் கீழ் படிக்கட்டு தோத்ததே இல்ல. அப்புறம் அவ மேல வீடு கட்டிப் போயிட்டா, எனக்கு முட்டி போயிருச்சு, கோப்பையும் போயிருச்சு. பதினோரு வருஷமா அவ கடையில இருக்கு வாத்தியாரே. அதுக்குள்ள மரக்கரண்டி சொருகி வெச்சிருக்கா! உப்பு வாங்கப் போனாலும் அது என்னைப் பாக்குது, எண்ணெய் வாங்கப் போனாலும் பாக்குது. இந்த வருஷம்தான் புள்ளைங்க ஃபைனலுக்கு வந்திருக்காளுங்க. ஆடித் தோத்தா பரவால்ல, நம்பருக்காகத் தோத்தா நான் எந்தக் கடையில போய் உப்பு வாங்கறது?

எங்க எந்திரிக்கறீங்க? சக்கரவள்ளி வெச்சு ரொட்டி தர்றேன், இருங்க. பன்றி வறுவல் இன்னிக்கு நல்லா மொறுமொறுன்னு வந்திருக்கு. வெங்காயம் வேணாமா? விசில் ஊதறப்ப வாடை வருமா? ஹஹ்ஹா! நீங்க தமாசான ஆளுதான், மூஞ்சியைப் பாத்தாத் தெரியல.

கமார்ரா மார்க்கெட்டுல அந்த வில்மர்கிட்ட எத்தனை வருஷமா தைக்கக் குடுக்கறேன் தெரியுமா? இந்தத் தடவை அவனுக்கு என்ன கேடு? புத்தி இருக்கறவன் யோசிக்க வேணாம்? ஒரே டீமுல ஆறு ஏழு எப்படி வரும்னு...

என்ன கேட்டீங்க?

கேட்டானாவா... கேட்டான். கேக்காம இருப்பானா? ஒரு தடவை கேட்டான். சரி, மூணு தடவை. "அம்மா, ஆறுமே ஏழா?"ன்னான். நான்தான்... "நீ தைடா"ன்னு... இந்த எலுமிச்சையில கொட்டை விழுந்திருக்கும், துப்பிட்டுக் குடிங்க.

அப்படிப் பாக்காதீங்க வாத்தியாரே. என் நிலைமையில நீங்க இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? என் ராசி ஏழு மேல எல்லாவளுக்கும் கண்ணு. மொதல்ல வந்தவ மார்லெனி. நம்ம டீமுல பந்தை அடிக்கறவ அவதான். வீட்டுல வளத்த குய், கொழுகொழு கினிப்பன்னி ஒண்ணை வறுத்து, தட்டுல வெச்சு, மேல துணி மூடிக் கொண்டாந்தா. "ஞானத்தாயி, ஏழு எனக்குத்தானே?" குய் எவ்வளவு மொறுமொறுப்பா இருந்துச்சு தெரியுமா! "உனக்குத்தாண்டி கண்ணு, வெளிய சொல்லாத"ன்னேன். மறுநாள் நில்டா வந்தா. கூரைத் தகரம் ஒழுகுதுன்னு மேல ஏறி அவளே ஆணி அடிச்சா. ஆணி அடிச்சுட்டு, மேல நின்னுக்கிட்டே கேக்கறா. இல்லைன்னு சொன்னா எறங்கி வருவாளா? "உனக்குத்தாண்டி." அப்புறம் ஒருத்தி ஊதாச் சோளம் ஒரு மூட்டை. ஒருத்தி என் தலையைப் பின்னி விட்டா. ஒருத்தி கனவுல கண்டேன்னு அழுதா. கடைசிப் பொண்ணு ஒண்ணும் கொண்டு வரலை, ஒண்ணும் கேக்கவும் இல்ல. வாசல்லயே நின்னா. எனக்குப் பாவமா இருந்துச்சு, நானா கூப்பிட்டு அவளுக்கும் சொல்லிட்டேன்!

மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்ல எங்க அம்மா எனக்குச் சொல்லித் தரலை. உங்க அம்மா சொல்லிக் குடுத்தாங்களா?

போன ஞாயித்துக்கிழமை சட்டைக்கு ஞானஸ்நானம் வெச்சோம். மடிச்சு அடுக்கி வெச்சபடியே பீர் தெளிச்சேன், ஒருத்தியையும் பிரிக்க விடலை. ஒரே கிளாஸ்ல ஊத்தி ஊத்திக் கை மாறுது, எவளுக்குச் சட்டை ஞாபகம் இருக்கும்? இன்னிக்கும் "ஸ்வெட்டரைக் கழட்டாதீங்கடி, சளி புடிக்கும்"னு அதட்டியே இங்க வரைக்கும் கூட்டியாந்துட்டேன். விசில் ஊதிட்டா ஆட்டத்துல யாரு முதுகைப் பாக்கப் போறான்னு நெனச்சேன். நீங்க "திரும்புங்க"ன்னீங்க. ஒருத்தி முதுகை ஒருத்தி பாத்தா. அப்புறம் ஆறு பேரும் ஒரே நேரத்துல என்னைப் பாத்தாளுங்க. அந்தப் பார்வைக்குப் பயந்துதான் அடுப்படிப் பக்கம் போகாம உங்க பக்கத்துல வந்து உக்காந்திருக்கேன்.

இப்ப ஒருத்திக்கு மட்டும்தான் வெறும் ஏழு மிஞ்சும். மத்தவங்க ஏழுக்கு முன்னாடி இன்னொரு எண்ணு ஒட்டிக்கணும். யாருக்கு ஏழுன்னு உள்ள தலைமுடியைப் புடிச்சு இழுத்துக்கிட்டிருப்பாளுங்க... சத்தமே காணோம், அதுதான் பயமா இருக்கு. எத்தனை நிமிஷம் இருக்கு? ஒண்ணா? வாத்தியாரே, உங்க வாட்சு கொஞ்சம் வேகமா ஓடற மாதிரி...

கதவு! கதவு தொறந்துருச்சு! வர்றாளுங்க!

மார்லெனி... பதினேழு. நில்டா இருபத்தேழு. அடுத்தது முப்பத்தேழு... நாப்பத்தேழு... அம்பத்தேழு... அந்தச் சின்னவளுக்காவது வெறும் ஏழு... ஊஹூம், அறுபத்தேழு!

வெறும் ஏழு ஒருத்திக்குமே இல்ல! பாத்தீங்களா? ஒருத்திக்கு விட்டுக் குடுக்க இன்னொருத்திக்கு மனசு வரலை. எனக்கில்லாதது உனக்கும் வேணாம்! ஆனா தோள் மேல கை போட்டுக்கிட்டு வர்றாளுங்க பாருங்க, நில்டா மேல மார்லெனி சாஞ்சுக்கிட்டு... சிரிக்கறாளுங்க வாத்தியாரே! எவளும் எவளையும் கடிக்கலை!

ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் இல்லையே? எண்ணிப் பாத்துக்குங்க. சட்டம் சட்டம்தானே? நேரத்துக்கு வந்துட்டாளுங்கதானே? என்ன... வாயத் தொறந்து சொல்லுங்களேன்... எங்க போறீங்க? ரொட்டியைக் கையிலேயே எடுத்துக்கிட்டுப் போறாரே மனுஷன்!

ஊதிட்டார்! ஊதிட்டார்டி!

ஏய் பதினேழு, சர்வீஸ் போடு! என்னை என்ன பார்வை? அப்புறமா வந்து என்னை எவ்வளவு வேணா திட்டு, இப்ப பந்தைப் பாருடி, பந்தை!