பாட்டிலில் வந்த ஓடை

திங்கட்கிழமை மதியம். கலெக்டர் அலுவலக நிறுத்தத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டி பேருந்தில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள். மனு கொடுத்துவிட்டு வந்த மூத்தவர் மடியில் ஒரு பாட்டில் தண்ணீர்.

“ஓடையையே கொண்டுபோனேன் சாமி, நம்பல.”

“ஏனுங்க்கா?”

“குத்தகை முடிஞ்ச சுரங்கத்துல திருட்டுத்தனமா வெள்ளக்கல்லு தோண்டி, கழிவ ஓடையில தள்றானுங்க. எம் மாடு அந்தத் தண்ணிய மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது. காலையில புடிச்சப்ப சுண்ணாம்பாட்டம் இருந்துச்சு. வரிசையில ஆடாம அசையாம நின்னனா, வெள்ளையெல்லாம் அடியில தங்கிருச்சு. ‘தெளிவாத்தானேம்மா இருக்கு’ங்கறாரு அதிகாரி.”

“குலுக்கிக் காட்டறதுதானுங்க்கா!”

“எதுக்கு? ‘தெளிவா இருந்தா ரெண்டு மடக்கு குடிங்க சார்’னு மூடியத் தொறந்து நீட்டுனேன்.”

“குடிச்சாரா?”

“எம் மாடாட்டவே மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு.”