மெயில் எனக்கு வரட்டும்

அண்ணி: ...அதில்லடி வாலு, சர்வர் அனுப்பற மெயிலுக்கு உன் பேரை எடுத்துட்டு என் பேரைப் போடுன்னுதான் சொல்றேன்.

வாலு: ஏன் அண்ணி? ரெண்டு பேருக்கும் வரட்டுமே.

அண்ணி: ரெண்டு பேருக்கும் வந்தா ரெண்டு பேரும் பாக்க மாட்டோம். நீ பாத்திருப்பேன்னு நான் இருப்பேன், நான் பாத்திருப்பேன்னு நீ இருப்பே.

வாலு: சர்வர்னா ஹோட்டல்ல பரிமாறறவருன்னு சொன்ன ஆளு நீங்க. மறந்துடாதீங்க.

அண்ணி: இப்ப மட்டும் என்னவாம்? இதுவும் கேட்டதைக் கொண்டுவந்து வைக்குது. கஸ்டமர் பேரைச் சொன்னா கண்ணு பவரைக் கொண்டுவந்து வைக்குது.

வாலு: வைக்கலேன்னா?

அண்ணி: அன்னிக்கு மாதிரி முழிக்க வேண்டியதுதான். கடை நெறைய ஆளு. அந்தப் பெரியவரு கண்ணாடியைக் கழட்டிக் குடுத்துட்டு, சுவரைப் பாத்து என்கிட்ட பேசிட்டிருக்காரு. பழைய பவர் என்னன்னு பாக்கலாம்னா, இந்தப் பெட்டி செத்த மாதிரி கெடக்கு!

வாலு: அப்டேட்டையெல்லாம் சேத்து வச்சு, பட்டப்பகல்ல மொத்தமா போட்டது என் தப்புதான். மெயில் வந்தா உடனே போட்டிருப்பேன். மெயிலே வரலையே...

அண்ணி: உன்னை யாருடி குத்தம் சொன்னா? அதான் இப்ப வர வைக்கறோமே. எங்க அடிக்கணும், சொல்லு.

வாலு: நகருங்க, நானே...

அண்ணி: கையை எடு! நான்தான் அடிப்பேன்.

வாலு: நீங்க ஒவ்வொரு எழுத்தா தேடி அடிக்கறதுக்குள்ள கடை பூட்டற நேரம் வந்துடும்.

அண்ணி: வரட்டும். லென்ஸ்ல முடி மாதிரி கீறல் இருந்தாலே கண்டுபிடிக்கறவ நான். இந்த எழுத்தையா கண்டுபிடிக்க மாட்டேன்?

வாலு: சரி தாயே. மேல மெயில்னு ஒரு வரி இருக்கா? அதுல என் அட்ரஸை அழிச்சிட்டு... ஐயோ, மேற்கோள் குறியை விட்டுடுங்க!

அண்ணி: கத்தாதடி, கஸ்டமர் வந்திருக்காங்களோன்னு பயந்துட்டேன். இந்தா, திரும்பப் போட்டாச்சு. ஆமா... கீழ் வரிக்கு முன்னாடி எதுக்கு ரெண்டு சாஞ்ச கோடு?

வாலு: அந்தக் கோடு இருந்தா, அந்த வரியை சர்வர் காதுலயே வாங்காது. எடுத்துடுங்க.

அண்ணி: ஓ... உங்கண்ணன் இதைத்தான் பண்றாரா? நான் பேச வாயைத் தொறந்தாலே ரெண்டு கோடு போட்டுடறாரு.

வாலு: சிரிக்க வைக்காதீங்க! அந்த வரியிலதான் எப்பெப்ப மெயில் வரணும்னு சொல்லணும். ஏதாவது இருந்தா மட்டுமா, இல்ல எப்பவுமா? உங்களுக்கு ஏதாவது இருந்தா மட்டும் வந்தாப் போதும்.

அண்ணி: வேண்டாம். எப்பவும்னு போடறேன்.

வாலு: தெனமும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு மெயில் வரும் அண்ணி.

அண்ணி: ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சா நிம்மதிதானே? ஒண்ணுமே வரலேன்னா நல்லாருக்கா, விழுந்து கெடக்கான்னு எப்படித் தெரியும்? நீயும் அப்படித்தான் இருக்கப்போறே பாரு. விஷயம் இருந்தாத்தான் கூப்பிடுவே...

வாலு: நானா? நான் எங்க போறேன்?

அண்ணி: ...ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அடுத்து என்ன?

வாலு: சேவ் பண்ணுங்க. இப்ப சோதனைக்கு ஒரு மெயில் அனுப்பலாம். அப்டேட் நிலுவையில இருக்குன்னு மெயில் சொல்லும், அவ்வளவுதான். போடறது நீங்கதான். கடையை மூடிட்டுத்தான் போடணும். பட்டப்பகல்ல போட்டுட்டு...

அண்ணி: பெரியவரைச் சுவரோட பேச வைக்கக் கூடாது. புரியுது. என் ஃபோன்ல ஒண்ணும் வரலையேடி?

வாலு: குப்பைக்குப் போயிருக்கும், ஸ்பேமைப் பாருங்க.

அண்ணி: அட, ஆமா! நம்ம பெட்டி அனுப்பினதையே குப்பையில போட்டிருக்கு, திமிரு பாரேன். வந்துடுச்சுடி! என் பேருக்கே வந்திருக்கு! ...ஏய், மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?

வாலு: ஒண்ணுமில்ல.

அண்ணி: இந்த ஒண்ணுமில்லயை நான் நம்ப மாட்டேன்.

வாலு: இனிமே நான் எதுக்குன்னு தோணுச்சு. சர்வரைப் பாக்கறேன்னு சொல்லிட்டுத்தானே தெனம் கடைக்கு வரேன். பாதி நேரம் உங்ககூட வாயடிக்கத்தான் வரேன்...

அண்ணி: தெரியாதாக்கும்.

வாலு: அண்ணி, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.

அண்ணி: சொல்லு.

வாலு: எனக்கு வேலை கெடச்சிருக்கு. வேற ஊர்ல. பெரிய இடம், ஒரு ஹால் நெறைய சர்வர் வச்சிருக்காங்க. ஆனா... வரலேன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்.

அண்ணி: ஏனாம்?

வாலு: இந்தப் பெட்டியை யாரு பாத்துப்பா?

அண்ணி: பெட்டியா?

வாலு: ...பெட்டி கெடக்கட்டும். உங்களை யாரு பாத்துப்பா? அண்ணன் பாதி நாள் வெளியூர்ல. நீங்க இங்க ஒண்டியா லென்ஸ் தேய்ச்சிட்டு, சாப்பிட மறந்துட்டு... இப்ப வேணா திட்டிக்கோங்க.

அண்ணி: திட்ட என்ன இருக்கு? போன வாரமே அந்த ஆபீஸ்லேருந்து ஃபோன் பண்ணிட்டாங்க. இப்ப வேலை பாக்கற இடம்னு நம்ம கடை நம்பரைத்தானே குடுத்திருக்கே, கள்ளி? பொண்ணு எப்படின்னு கேட்டாங்க, தங்கம்னேன். அனுப்பிட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்காதான்னு கேட்டாங்க. சர்வர் வேலையெல்லாம் எனக்கே அத்துப்படி, கூட்டிட்டுப் போங்கன்னு வாய் கூசாம சொல்லிட்டேன். ஃபோனை வச்சுட்டு இந்த ரூமுக்கு வந்து நின்னா, இதோட சுவிட்ச் எங்க இருக்குன்னுகூடத் தெரியலடி எனக்கு... அழுதுட்டேன். நீ பஸ் ஏறறதுக்குள்ள நான் சொன்ன பொய்யை நெஜமாக்கிக் குடுத்துட்டுப் போ.